வளவுத் தக்காளியில் விளைச்சல் கூடியது எது? திலினவா, செரியா?

செம்மண் (உரும்பிராய்):
யாழ்ப்பாணத்து வீட்டு வளவுக்கு எந்தத் தக்காளி நல்லது என்று இங்கே ஒவ்வொரு மாரிக்கும் கேட்கப்படுவதால், மூன்று போகங்களாக நிறுத்து எழுதியதை வைத்து என் முடிவைச் சொல்லிவிடுகின்றேன்: திலின. அடுத்தடுத்த மூன்று பாத்திகளில், பெருங்காய் இனங்களான திலின, டி-245, சிறுகாய் காய்த்துப் படரும் லங்கா செரி ஆகிய மூன்றிலும் பத்துப் பத்துக் கன்றுகள் வைத்தேன். ஐப்பசிக் கடைசியில் நாற்றுமேடை, கார்த்திகைக் கடைசியில் நடுகை, மாசி தொடக்கத்திலிருந்து ஆய்தல் என்பதே ஒழுங்கு. ஒரு போகத்துக்குச் சராசரியாக, பத்துக் கன்றும் சேர்ந்து, திலின 24 கிலோ, டி-245 19 கிலோ, செரி 11 கிலோ கொடுத்தன. எரு, பூவரசங்குழை, இறைப்பு எல்லாம் மூன்றுக்கும் ஒன்றாகவே இருந்தன. தராசு பொய் சொல்லாது.

கிணற்றடி (கொடிகாமம்):
தராசு பொய் சொல்லாது, ஆனால் அதை எந்த மாதத்தில் எடுத்து உள்ளே வைத்தீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லையே, அண்ணை. பெருங்காய் இனங்கள் மாசி, பங்குனியில் ஒரே முட்டாகக் காய்த்துவிட்டு ஓய்ந்துவிடும். சித்திரைக்குப் பிறகு எங்கள் இரவுகள் குளிர்வதில்லை. பகலில் 32 பாகையும் இரவில் 24 பாகையும் தாண்டும் நாட்களில் மகரந்தம் வலுவிழந்து, பூ காம்போடு பழுத்து உதிர்கின்றது. சோளகக் காற்று கிளம்பினால் மீதியும் போய்விடும். எங்கள் வீட்டில் செரி, கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில் கிடுகு வேலியில் ஏறி, ஆனியிலும் காய்த்தது. குலையில் நுனிப் பூ விரிந்திருக்க அடிக்காய் பழுத்திருந்தது. மாசி, பங்குனியில் சந்தையில் தக்காளி குவிந்து கிடக்கும்போது வீட்டில் 24 கிலோ இருந்து என்ன பயன்? அயலுக்குக் கொடுத்தும் மிஞ்சியது எருக்குழிக்குத்தானே போகும்?

மொட்டைமாடி (மானிப்பாய்):
இருவரும் பழைய கதையையே பேசுகின்றீர்கள். கலப்பின விதை வந்த பிறகு இந்தப் போட்டி எதற்கு? பத்மா என்ற கலப்பினத்தை வைத்துப் பாருங்கள். பெங்களூரில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்க்கா ரக்‌ஷக் ஒரு செடியில் 19 கிலோ கொடுத்ததாக இந்தியப் பத்திரிகைகளில் வந்தது. இலைச்சுருள், பற்றீரியா வாடல், இலைக்கருகல் மூன்றையும் அது தாங்கும்.

செம்மண் (உரும்பிராய்):
தம்பி, அந்த 19 கிலோ சொட்டுநீரும் கரைத்துவிடும் உரமும் உயரக் கட்டிய கம்பியும் கொண்ட பண்ணையில் வந்தது. உங்கள் மாடியில் அரிசிப் பையில் வந்ததல்ல. மேலும், கலப்பினப் பழத்திலிருந்து எடுத்த விதையை நான் ஒருமுறை நட்டுப் பார்த்தேன். பத்துக் கன்றும் பத்து விதம்: ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்றில் பழம் எலுமிச்சங்காய் அளவு. அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிவது இயற்கை என்பதால் ஒவ்வொரு வருடமும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். திலின விதையை நான் பழத்தோடு இரண்டு நாள் புளிக்கவிட்டு, கழுவி, சாம்பலில் பிரட்டி வைத்திருக்கின்றேன்.
கிணற்றடி அக்காவுக்கு ஒரு கேள்வி: ஒரு சட்டி குழம்புக்கு எத்தனை செரிப் பழம் ஆய வேண்டும்?

கிணற்றடி (கொடிகாமம்):
ஐம்பது. ஆய்வதற்குப் பத்து நிமிடம். நீங்கள் டி-245இல் அடி கறுத்த காய்களை வெட்டி எறியச் செலவழிக்கும் நேரத்தைவிட அது குறைவு.

மொட்டைமாடி (மானிப்பாய்):
அடி கறுப்பது சுண்ணாம்புச் சத்துக் குறைவு. சுண்ணாம்பு போட்டால் சரி.

கிணற்றடி (கொடிகாமம்):
அந்த வைத்தியத்தை எங்கள் ஊரில் சொல்லாதீர்கள். கேத்தலின் அடியில் ஒரு மாதத்தில் வெள்ளைப் படை கட்டும் தண்ணீரைத்தான் நாங்கள் பாத்திக்கு இறைக்கின்றோம். அதில் இல்லாத சுண்ணாம்பா? குறைவு மண்ணில் அல்ல, நீங்கள் அடி என்று சொல்லும் காயின் நுனியில். கல்சியம் தண்ணீரோடுதான் ஏறுகின்றது. மூன்று நாள் காயவிட்டு நான்காம் நாள் வாய்க்கால் நிரம்ப இறைத்தால், அந்த இடைவெளியில் வளர்ந்த காயின் நுனிக்கு அது போய்ச் சேராது. பெரிய காய்களிலும், றோமா போன்ற நீளக் காய்களிலும் இது அதிகம். செரியில் நான் கண்டதே இல்லை. அடியில் வைக்கோல் பரப்பி, ஒருநாள் விட்டு ஒருநாள் அளவாக ஊற்றுங்கள்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர் (சுன்னாகம்):
விவசாயப் போதனாசிரியராக இருந்தவன் என்ற முறையில் குறுக்கிடுகின்றேன். எந்த இனம் என்று கேட்பதற்கு முன், அந்தப் பாத்தியில் முன்பு என்ன நின்றது என்று கேட்க வேண்டும். புகையிலை, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியன தக்காளியின் ஒரே குடும்பம். அவற்றின் பின்னால் தக்காளி வைத்தால் பற்றீரியா வாடல் காத்திருக்கும். பச்சையாக நின்ற கன்று மத்தியானத்தில் தொய்ந்து, மாலையில் நிமிர்ந்து, மூன்றாம் நாள் எழும்பாவிட்டால், தண்டின் அடியை வெட்டிக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நிறுத்திப் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால் நூல்போல் இறங்கினால் அதுதான். அந்தக் கன்றைக் குழியில் போடாமல் எரித்துவிடுங்கள். அந்த நிலத்துக்கு இரண்டு வருடம் சோளமோ வெங்காயமோதான்.
சுருட்டுப் பிடிப்பவர்கள் சவர்க்காரத்தால் கை கழுவாமல் கன்றைத் தொடாதீர்கள். புகையிலை வைரசு உலர்ந்த இலையிலும் உயிர்ப்போடிருந்து விரல் வழியாக ஏறும். இதைச் சொன்னதற்காக என்னோடு கோபித்துக்கொண்ட தோட்டக்காரர்கள் உண்டு.
இனத்தைப் பொறுத்தவரை நான் செம்மண்ணின் பக்கம். ஆனால் அவருடைய பாத்திகள் மூன்றையும் ஒரே இடைவெளியில், ஒரே மாதிரி நட்டிருந்தால் அந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கின்றது. படரும் செரியைத் தடி கொடுக்காமல் தரையில் விட்டால் மார்கழி மழைக்குப் பாதிக் காம்பு அழுகிவிடும்.

செம்மண் (உரும்பிராய்):
ஐயா சொன்னது உண்மை. எல்லாவற்றுக்கும் இரண்டடி இடைவெளிதான். செரிக்குத் தடி ஊன்றவில்லை. கொப்பியை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். மூன்று வருடமும் கடைசிக் குறிப்பு பங்குனிக்குள் நின்றுவிடுகின்றது. அதன் பிறகு வெங்காயத்துக்காக மூன்று பாத்தியையும் ஒன்றாகக் கொத்திவிட்டேன். பிடுங்கும்போது செரியில் பூ நின்றதா என்று மனைவியைக் கேட்டேன். நின்றதாம்; நான் கேட்காததால் சொல்லவில்லையாம்.
இருந்தாலும், பங்குனி முடியும்வரை வந்த எடையில் திலினவை வெல்ல ஒன்றுமில்லை என்பதில் நான் மாறவில்லை. இந்த மாரிக்கு ஐந்து செரிக் கன்றை எங்கள் கிணற்றடி வேலியில் ஏற்றி ஆவணிவரை நிறுப்பேன். அக்கா, விதை கொஞ்சம் தர முடியுமா? சாம்பலில் பிரட்டியது வேண்டாம்; என் சாம்பல் இருக்கின்றது.

கிணற்றடி (கொடிகாமம்):
தருகின்றேன். ஐந்து அல்ல, பத்து நடுங்கள். கணக்கு ஒப்பிட வேண்டுமே.