இடுப்பு வலிக்கு ஃபேசட் ஊசி போட்டுக்கிட்டவங்க, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

முதல்ல என் கதை. வயசு 61. மொட்டை மாடியில துணி காயப்போட அண்ணாந்தா இடுப்புல சுளீர்னு பிடிக்கும். குனிஞ்சு வாசல் பெருக்கினா ஒண்ணும் தெரியாது. மூணு வருஷமா டிஸ்க், டிஸ்க்னு சொல்லி பெல்ட்டோட அலைய விட்டாங்க. கடைசியா ஒரு வலி சிகிச்சை டாக்டர்தான், "அண்ணாந்தாதானேம்மா வலிக்குது, காலுக்கும் இறங்கலையே?"ன்னு கேட்டார். முதுகெலும்புக்குப் பின்னால வலம் இடமா சின்னச் சின்ன மூட்டு இருக்காம், அதுக்குப் பேர்தான் ஃபேசட். முழங்கால் தேயற மாதிரி அதுவும் தேயுமாம்.

எனக்கு எல்4-எல்5, அதாவது இடுப்புப் பக்கத்து நாலாவது, அஞ்சாவது எலும்புக்கு நடுவுல இருக்கற மூட்டு. ஒரு மூட்டுக்கு ரெண்டு நரம்பு, ரெண்டையும் மரத்துப் போக வைக்கணும். குப்புறப் படுக்க வெச்சு, வயித்துக்கு அடியில தலையணை, மேல சி-ஆர்ம் எக்ஸ்ரே. மயக்க மருந்து இல்லை. ஊசிமுனை எலும்புல இடிச்சது நல்லாவே தெரிஞ்சது.

முடிஞ்சதும் நர்ஸ் ஒரு பேப்பர் குடுத்து, மணிக்கொரு தடவை பத்துக்கு எத்தனை வலின்னு எழுதச் சொன்னாங்க. காலையில 8, மதியம் 1! வேணும்னே மாடி ஏறி நாலு பெட்ஷீட் காயப்போட்டேன். ராத்திரி பழையபடி 7. காசும் போச்சு, ஊசியும் பலிக்கலைன்னு அழுதுட்டேன். மறுநாள் போன் பண்ணினா டாக்டர் சிரிக்கிறார். "அது வைத்தியமே இல்லம்மா, சோதனை. மரப்பு மருந்து அவ்வளவு நேரம்தான் நிக்கும். அந்த நேரம் வலி போச்சுல்ல, இடம் அதுதான்." முன்னாடியே சொல்லியிருப்பாரோ என்னவோ, பயத்துல என் காதுல விழலை.

இன்னொரு நாள் மறுபடி சோதனை, அதே பதில். அப்புறம்தான் ரேடியோ அலையால அந்த நரம்பைச் சுட்டாங்க, 80 டிகிரியில இடத்துக்கு ஒண்ணரை நிமிஷம். பத்து நாள் தோல் எரிச்சல். மூணாவது வாரம்தான் நிம்மதி. இப்ப எட்டு மாசம் ஆச்சு. நரம்பு திரும்ப வளருமாம், அப்ப வலியும் வரலாமாம்.

பதில் (54 வயது, சர்க்கரை உண்டு): அக்கா, எனக்கு மூட்டுக்குள்ளயே ஸ்டீராய்டு போட்டாங்க. சுகர் ஏறும்னு சொன்னாங்க, இவ்வளவுன்னு நினைக்கலை. மூணாம் நாள் வெறும் வயித்துல 287. இறங்க ஒரு வாரம் ஆச்சு. வலி ஆறு வாரம் குறைஞ்சு திரும்பி வந்துடுச்சு. இன்னொண்ணு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்க ஊசிக்காக நீங்களா நிறுத்திடாதீங்க, இதய டாக்டரைக் கேளுங்க.

பதில்: எனக்குச் சோதனை ஊசியே போடலை. எம்.ஆர்.ஐ.ல தேய்மானம் தெரியுதுன்னு நேரா சுட்டாங்க. ஒரு பைசா பலனில்லை. வலியே இல்லாதவங்க ஸ்கேன்லயும் அந்தத் தேய்மானம் இருக்கும்னு அப்புறம்தான் படிச்சேன். நெதர்லாந்துல 2017ல வந்த ஆய்வுல, உடற்பயிற்சியோட நரம்பையும் சுட்டவங்களுக்கும் வெறும் உடற்பயிற்சி செஞ்சவங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பிரிட்டன்ல 2016 வழிகாட்டுதலும், சோதனை ஊசியில வலி குறைஞ்சவங்களுக்கு மட்டும்தான் சுடறதைப் பத்தி யோசிக்கச் சொல்லுது. எனக்கு இப்ப ஓரளவு உதவுறது பிசியோதான்.

பதில்: அக்கா, சோதனை ஊசிக்கு முந்தி வலி மாத்திரை போடலாமா?

— எங்க டாக்டர் அன்னிக்கு வேண்டாம்னுட்டார் தம்பி. வலி இருந்தாதானே போச்சா இல்லையான்னு தெரியும்! அந்த பேப்பரை இன்னும் பைல்ல வெச்சிருக்கேன்.