ஓட்டு ஹராமா? கவுன்சில் கடிதம் வேற வந்திருக்கு (கிழக்கு லண்டன்)

புதுசு_கீழக்கரை: அஸ்ஸலாமு அலைக்கும். கவுன்சில்ல (இங்கத்த நகராட்சி) இருந்து வாக்காளர் பட்டியல் பத்திக் கடிதம். பதில் போடாட்டி அபராதமாம். ஜும்ஆ முடிஞ்சு வெளிய வந்தா, ஓட்டுப் போடுறது ஹராம்னு ஒருத்தர் நோட்டீஸ் நீட்டுறார். ரெண்டு நாளா தூக்கமில்ல. விசாவுக்கு ஏதும் வருமா?

இல்ஃபர்ட்_காக்கா: தம்பி, ஓட்டு கிடக்கட்டும். ஜிபியில (குடும்ப டாக்டர்) பதிஞ்சாச்சா? பேங்க் கணக்கு? சிட்டிசன் ஆன பிறகுதான் ஓட்டெல்லாம்.

ராத்தா_லூட்டன்: இல்ல காக்கா. இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த். விசா செல்லுபடியா இருந்தா 18 வயசுல நாடாளுமன்றத் தேர்தலுக்கே ஓட்டு உண்டு. தம்பி, எந்தக் கடிதம்னு சொல்லலையே? வீட்டுல யார் யார் இருக்காங்கன்னு கேட்கிற படிவம்னா அபராதம் 1,000 பவுண்டு வரை. ஓட்டரா பதியச் சொல்லி உங்க பேருக்கே வந்த அழைப்புன்னா 80 பவுண்டு.

மாடிவீடு: ஒன்பது பேருக்கு ஒரே தபால் பெட்டி, இதுல எது யாருக்கோ! கவுன்சில் டாக்ஸ் (வீட்டு வரி) ஏறிடும்னு பேரையே போட விடாத ஓனருங்க இருக்காங்க.

இல்ஃபர்ட்_காக்கா: தேர்தல் வந்தாத்தான் வேட்பாளருக்குப் பள்ளிவாசல் வழி தெரியும். அப்புறம் அஞ்சு வருஷம் ஆளைக் காணோம்.

ஹாரோ_வக்கீல்: புலம்பல் போதும், நோட்டீசுக்கு வருவோம். அதுல ஹிஸ்புத் தஹ்ரீர் (கிலாஃபத் வேணும், ஓட்டு வேணாம்னு சொல்ற இயக்கம்) பேர் இருந்தா யாருக்கும் கொடுக்காதீங்க, படம் எடுத்து வாட்ஸ்அப்ல போடாதீங்க. 2024 ஜனவரியில தடை பண்ணிட்டாங்க. ஆதரவு திரட்டினா 14 வருஷம் வரை சிறை. அதுக்காக ஓட்டு வேணாம்ங்கிற எல்லாரும் அவங்க ஆளுன்னு நினைக்க வேணாம். பல பள்ளிவாசல்களும் அமைப்புகளும் சேர்ந்த முஸ்லிம் கவுன்சில் ஆஃப் பிரிட்டன் ஓட்டுப் போடத்தான் சொல்லுது. அறக்கட்டளையா பதிஞ்ச பள்ளிவாசல் ஓட்டர் பதிவு முகாம் நடத்தலாம். இன்னாருக்குப் போடுன்னு சொல்லக் கூடாது. கிழக்கு லண்டன் டவர் ஹாம்லெட்ஸ் மேயர் தேர்தல்ல ஒரு வேட்பாளருக்கு ஆதரவா 101 இமாம்கள் கையெழுத்துப் போட்ட கடிதத்தை மதத்தால கொடுத்த நெருக்கடின்னு எடுத்துக்கிட்டு, மத்த முறைகேடுகளையும் சேர்த்து 2015ல தேர்தலையே கோர்ட் ரத்து பண்ணிச்சு. பதியறதால விசாவுக்கு ஒண்ணும் ஆகாது. ஓட்டு நாளுக்கு 12 வேலை நாள் முன்னாடியே பதியணும். சாவடிக்கு ஒரிஜினல் பாஸ்போர்ட். போன்ல படம் காட்டினா ஓட்டுச் சீட்டு தர மாட்டாங்க. தபால் ஓட்டுக் கவரைக் கட்சிக்காரர் கையில கொடுக்காதீங்க.

புதுசு_கீழக்கரை: கடிதத்துல என் பேர் இல்ல, 'தி ஆக்குபையர்'னு (குடியிருப்பவர்) இருக்கு.

ராத்தா_லூட்டன்: அப்ப வீட்டுப் படிவம்தான். அதுல இருக்கிற செக்யூரிட்டி கோட் நம்பரைப் போட்டு, ஓட்டுக்குத் தகுதியுள்ள எல்லார் பேரையும், எந்த நாட்டுக் குடியுரிமைங்கிறதையும் ஆன்லைன்ல சேருங்க. அதோட ஓட்டர் ஆகிட மாட்டீங்க, பதிவு தனி. அந்தப் பதிவுல நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர் (வேலை, வரிக்கான தனி எண்) கேட்கும். இன்னும் வரலைன்னா காரணத்தை எழுதுங்க, வேற ஆவணம் கேட்பாங்க.