உறுப்பினர் பட்டியலைக் கேட்டு மிரட்டுகிறார்கள், சட்டம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் 14 பேர் கொண்ட சிறு குழு எங்களுடையது. பதிவு செய்யப்படாதது. 2023 வனப் பாதுகாப்புத் திருத்தச் சட்டத்தை எளிய தமிழில் விளக்கி ஒரு கையேடு அச்சிட்டோம். நாட்டின் எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் வரும் சில திட்டங்களுக்குத் தரப்பட்ட விலக்கை அதில் கடுமையாக விமர்சித்திருந்தோம்.

நான்காம் நாளே ஒரு கட்சிக்காரர் அச்சகத்துக்குப் போய் மிரட்டினார். அடுத்த வாரம், கூட்டத்துக்குப் பேசிவைத்த மண்டபமும் கைவிரித்தது. பிறகு இரண்டு முறை காவலர்கள் வந்தார்கள். வருகைப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் போனில் படம் பிடித்தார்கள். 71 வயது ஆசிரியை ஒருவரின் நடுங்கிய கையெழுத்தின் மேல் விரலை வைத்து, "இவர் வீடு எங்கே?" என்றார்கள். அன்று முதல் எனக்கு உறக்கமில்லை.

எழுத்தில் ஆணை கேட்டோம், தரவில்லை. மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பினோம். ஒப்புகை அட்டை மட்டும் திரும்பி வந்தது. தகவல் உரிமை மனு போட்டு 30 நாள் கடந்துவிட்டது. சாட்சியை விசாரணைக்கு அழைக்க எழுத்துமூல ஆணை வேண்டும், பெண்களையும் 60 வயது கடந்தவர்களையும் அவர்கள் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179ஆம் பிரிவு சொல்கிறது. அதுவரை புரிகிறது. பட்டியல் விஷயத்தில்தான் தெளிவில்லை.

வரும் திங்கட்கிழமைக்குள் எல்லாருடைய பெயர், முகவரி, தொலைபேசி எண் வேண்டும் என்கிறார்கள். எழுத்துமூல ஆணை இல்லாமல் அதைத் தர நாங்கள் சட்டப்படி மறுக்கலாமா?