ஏழுகல் தோட்டுக்கு வி.வி.எஸ். தேவையா?

திருச்சி மருமகள்:
பொண்ணு கல்யாணத்துக்கு ஏழுகல் வைரத் தோடு எடுக்கப் போறோம். ரெண்டு காதுக்கும் 14 கல், ஒவ்வொண்ணும் 5 சென்ட், ஆக 70 சென்ட் (100 சென்ட் ஒரு காரட்). கடையில ரெண்டு விலை சொன்னாங்க: ஈ-எஃப் வி.வி.எஸ்.ன்னு உசந்த தரம், இல்லன்னா ஜி-எச் எஸ்.ஐ.ன்னு அதுக்குக் கீழ. வித்தியாசம் 18,000 ரூபா. பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தும் எனக்கு ஒண்ணும் தெரியல. அத்தை மட்டும் "புள்ளி விழுந்த கல் குடும்பத்துக்கு ஆகாது"ன்னு ஒரே பிடியா நிக்கிறாங்க.

பத்து மடங்கு:
எஸ்.ஐ. எடுங்கக்கா. கல்லுக்குள்ள எவ்வளவு குறை இருக்குன்னு பார்த்து வி.வி.எஸ்., வி.எஸ்., எஸ்.ஐ.ன்னு இறங்குவரிசையில கிளாரிட்டி கிரேடு போடுறதே பத்து மடங்கு பெருசாக்கிக் காட்டுற லென்ஸ்ல. வி.வி.எஸ்.ல இருக்குற குறை அந்த லென்ஸ்லயும் பழகின கண்ணுக்கே லேசுல சிக்காது. உங்க 5 சென்ட் கல் இரண்டரை மில்லிமீட்டர்தான் இருக்கும். உலகப் புகழ்பெற்ற 45.52 காரட் ஹோப் வைரத்துக்கே 1988ல ஜி.ஐ.ஏ.ங்கற அமெரிக்க வைரத் தர நிறுவனம் கொடுத்தது வி.எஸ்.1தான், வி.வி.எஸ்.க்குக் கீழ. மிச்சக் காசுக்கு நல்ல கட்டிங் பாருங்க, கல் மின்னுறது அதுலதான்.

பட்டறைக்காரன்:
ஹோப் வைரத்தை யாரும் எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுவரப் போறதில்ல தம்பி. எஸ்.ஐ.ன்னா எல்லாம் ஒரே சரக்குன்னு நினைக்காதீங்க. ஒரு கல்லுல ஓரமா வெள்ளை ஊசி கிடக்கும், பதிச்சா மறைஞ்சிடும். இன்னொண்ணுல டேபிளுக்கு, அதாவது மேல இருக்குற பெரிய தட்டைப் பட்டைக்கு, நேர் அடியில கரும்புள்ளி. ஒரே புள்ளிதான், ஆனா அடிப்பட்டைகள்ல பட்டுப் பட்டு ஏழெட்டாத் தெரியும். மூணாவது, மேகம் விழுந்த கல். புள்ளியே கண்ணுல படாது, ஆனா தண்ணியில ரெண்டு சொட்டு பால் விட்ட மாதிரி மங்கலா இருக்கும். ஓரம் வரைக்கும் வெடிப்பு ஓடியிருந்தா இன்னும் மோசம். பதிக்கும்போது என் கையிலயே சில்லு போயிருக்கு, நஷ்டமும் என்னுது. இந்த வம்பே வேண்டாம்னுதான் வி.வி.எஸ். எடுக்கச் சொல்றேன்.

பத்து மடங்கு:
அப்ப பிரச்சினை கிரேடு இல்லையே அண்ணே, எந்தக் குறை, எங்க இருக்குங்கறதுதானே? பார்த்துப் பொறுக்கினா எஸ்.ஐ.லயே நல்ல கல் கிடைக்கும்.

பட்டறைக்காரன்:
யார் பார்க்கிறது? தோடு க்ளோஸ்டு செட்டிங். பின்பக்கம் அடைச்சாச்சுன்னா லென்ஸுக்கு வேலை பாதி போச்சு.

தென்னவன்:
அத்தையை மூடநம்பிக்கைன்னு ஒதுக்க வேண்டாம். சிலப்பதிகாரம் ஊர்காண் காதையில மதுரைக் கடைவீதி வைரத்தைச் சொல்லும்போதே "காகபாதமும் களங்கமும் விந்துவும் ஏகையும்" நீங்கின கல்லுன்னு வருது. விந்து புள்ளி, ஏகை ரேகை. லென்ஸ் இல்லாத காலத்துலயே பார்த்திருக்காங்க.

பத்து மடங்கு:
பார்த்திருக்காங்க, ஒத்துக்கிறேன். ஆனா அது தரம் பிரிக்கிற கணக்கு. குடும்பத்துக்கு ஆகாதுன்னு அந்த வரியில எங்க இருக்கு?

தென்னவன்:
இல்லதான். ஆனா நாளைக்கு விக்கப் போனா, வாங்க வர்றவரும் இவங்க அத்தை மாதிரியே நினைப்பாரு. அப்ப அவர்கிட்ட வரி விளக்கம் சொல்லுவீங்களா?

பட்டறைக்காரன்:
ஒண்ணு விட்டுப்போச்சு. அந்த 18,000 கிளாரிட்டிக்கு மட்டும் இல்லம்மா. ஈ-எஃப், ஜி-எச்ன்னு நிறமும் சேர்ந்து மாறுது. ஒரே நிறத்துல வி.எஸ். என்ன விலைன்னு கேளுங்க. ஹால்மார்க் இருக்குன்னு காட்டுனா, அது தங்கத்துக்கு, கல்லுக்கு இல்ல. பதிக்கிறதுக்கு முன்னாடி உதிரிக் கல்லாக் காட்டச் சொல்லுங்க.

திருச்சி மருமகள்:
நேத்து போயிட்டு வந்தோம். வெள்ளைக் காகிதப் பொட்டலத்தைப் பிரிச்சு வி.எஸ்.ல 14 கல்லையும் பரப்பினாங்க. லென்ஸைக் கண்ணோட ஒட்டி வச்சுப் பார்த்தா எல்லாத்துலயும் புள்ளி! பக்குனு ஆயிடுச்சு. கடைப் பையன் துணியால துடைச்சுக் கொடுத்தான், முக்கால்வாசி தூசி. ஒண்ணுல மட்டும் டேபிளுக்கு அடியில கருப்பு அப்படியே நின்னுது, மாத்திக்கிட்டோம். ஈ-எஃப் வி.எஸ்.லயே முடிச்சாச்சு. அத்தை லென்ஸைக் கீழ வைக்கவே இல்ல, கடைசியில கடைக்காரர்தான் கேட்டு வாங்கிக்கிட்டாரு.

பத்து மடங்கு:
ஆக வி.வி.எஸ். இல்லாமலே கல்யாணம் நடக்கும்!

திருச்சி மருமகள்:
தோட்டுக்கு மட்டும்தான் தம்பி. மூக்குத்தி வி.வி.எஸ்.தான்னு அத்தை வர்ற வழியிலேயே சொல்லிட்டாங்க.

பட்டறைக்காரன்:
அத்தைக்கு என் வணக்கம்.