பிரிண்டர் 60 டாலர், மை எத்தனை டாலர்?

கேள்வி (காரைக்குடியிலிருந்து நியூஜெர்சி வந்தவர்):

அண்ணே, ஊர் வீட்டுப் பங்குப் பத்திர நகல், பட்டா, வில்லங்கச் சான்று, பிள்ளைங்க பள்ளிக்கூடத்து ஃபார்ம் எல்லாம் சேர்த்து மாசம் 20 பக்கம் வரும். இங்கே கடையில 60 டாலருக்கு கலர் பிரிண்டர் கிடக்கு. எடுத்துரவா? இல்ல, காரைக்குடியிலேயே வாங்கி யார்கிட்டயாவது கொடுத்துவிடச் சொல்லவா?

பதில் 1:

ரெண்டும் வேண்டாம் தம்பி. பிரிண்டர் விலையை ஒதுக்கிட்டு, 5 வருஷத்துக்கு ஐந்தொகை போட்டுப் பாருங்க. மாசம் 20 பக்கம்னா 1,200 பக்கம். இந்த விலைக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் மை தெளிக்கிற இங்க்ஜெட் வகை. அதுக்கு எச்பி 67 மாதிரி சின்னக் கறுப்பு கார்ட்ரிட்ஜ் ஒன்று 120 பக்கம் அடிக்கும். அப்போ 10 கார்ட்ரிட்ஜ். ஒன்று 18 டாலர்னு வச்சுக்கிட்டாலும் 180 டாலர், அதுவும் கறுப்புக்கு மட்டும். பிரதர் கம்பெனி கறுப்பு லேசரில் டிஎன்-730 டோனர் (மைத்தூள் டப்பா) ஒன்றே 1,200 பக்கம். பெரிய டிஎன்-760 வாங்கினா 3,000. பாட்டில் மையை ஊத்துற எப்சன் டேங்க் பிரிண்டரில் 522 கறுப்பு பாட்டில் 65 மில்லி, 4,500 பக்கம். உங்க 5 வருஷத் தேவை அதில் கால் பாட்டிலுக்குக் கொஞ்சம் மேலே.

கார்ட்ரிட்ஜ் கணக்கு 10-ல நிக்காது. அட்டையில போட்டிருக்கிற பக்க எண்ணிக்கை, சோதனைப் பக்கங்களை நிறுத்தாம தொடர்ந்து அடிச்சு எடுத்தது. வீட்டில் இன்னைக்கு 2 பக்கம், அடுத்து மூணு வாரம் கழிச்சு 5 பக்கம். நடுவில் மை தெளிக்கிற ஹெட் காயாம இருக்க பிரிண்டர் தானே மையை உறிஞ்சிச் சுத்தம் பண்ணும். அந்த மை பேப்பருக்கு வராது, உள்ளே இருக்கிற கழிவுப் பஞ்சுக்குப் போகும். அதனால கொஞ்சமா அடிக்கிறவங்களுக்குத்தான் பக்கத்துக்கு ஆகும் செலவு கூடுதல். பஞ்சு நிரம்பினா சில மாடல்கள் வேலையையே நிறுத்திடும்.

நம்ம ஆளுங்க பழக்கம் ஒன்று இதைக் கெடுக்கும்: வேலை முடிஞ்சதும் சுவர் சுவிட்சை அணைச்சுடுறது. இங்க்ஜெட்டில் அது கூடாது. பிரிண்டரோட பட்டனில் அணைச்சாத்தான் ஹெட் ஓரத்துக்குப் போய் மூடி போட்டுக்கும். அச்சு நடுவில் மின்சாரம் போனா ஹெட் திறந்தே நின்னு காயும். அடுத்த தடவை சுத்தம் பண்ணவே ஏகப்பட்ட மை போயிடும்.

டோனர் தூள், காயாது. ஆறு மாசம் தொடாம வச்சாலும் முதல் பக்கம் சரியா வரும். மாசம் 20 பக்கம், பெரும்பாலும் பத்திரம்னா கறுப்பு லேசர்தான் என் கருத்து. ஈரம் பட்டாலும் எழுத்து ஓடாது. வாரா வாரம் பிள்ளைங்களுக்கு கலர் வேணும்னா மட்டும் டேங்க். எப்பவாவது கலர் வேணும்னா நூலகத்திலோ, பிரிண்ட் எடுத்துத் தர்ற மருந்துக்கடையிலோ எடுத்துக்கலாம்.

ஊர்லேர்ந்து கொண்டு வர்றது நடக்காது. நம்ம ஊர் லேசர் பிரிண்டர் 230 வோல்ட், அமெரிக்காவில் 120. லேசரில் டோனரை உருக்கிற ஹீட்டர் இருக்கு, அதுக்குத் தாங்குற டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினா விலையும் கனமும் வேற. கார்ட்ரிட்ஜ் மட்டும் கொண்டு வரலாமான்னா, பல மாடல்களில் பிராந்தியப் பூட்டு உண்டு. ஊர் கார்ட்ரிட்ஜை அமெரிக்க பிரிண்டர் ஏத்துக்காது. மை ஊத்தின டேங்க் பிரிண்டரைப் பெட்டியில் படுக்கப் போட்டா கசிஞ்சு, கூட வச்ச கண்டாங்கிச் சேலையெல்லாம் நீலமாயிடும்.

பதில் 2 (லண்டன்):

அண்ணன் சொன்னதோட ஒன்று சேர்க்கிறேன். எச்பியில் மாடல் எண் முடிவில் சின்ன ‘இ’ எழுத்து இருந்தா, எச்பி பிளஸ் திட்டத்தோட வர்ற மாடல்னு அர்த்தம். முதல் தடவை செட்டப் பண்ணும்போது அதுக்குச் சம்மதம் கொடுத்துட்டா, அந்த பிரிண்டர் உள்ளவரை இணைய இணைப்பும் அசல் மையும் கட்டாயம். மாசச் சந்தாவில் மை வாங்கினா இன்னொரு கணக்கு: சந்தாவை நிறுத்தினதும் உள்ளே மை இருந்தாலும் அந்த கார்ட்ரிட்ஜ் ஓடாது. சிம் பிளான் மாதிரி நினைச்சு கையெழுத்துப் போட்டுடாதீங்க.

கூடவே, புது பிரிண்டரோட வர்ற முதல் டோனர் பல மாடல்களில் முழு அளவு இருக்காது. பெட்டியில் எழுதியிருக்கும், படிச்சுட்டு வாங்குங்க.

கேள்வி கேட்டவர்:

நன்றிண்ணே. வேற கம்பெனி டோனர் போடலாமா?

பதில் 1:

போடலாம். பிரிண்டரில் தானியங்கி ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) அப்டேட்டை முதல்ல நிறுத்திடுங்க, சில அப்டேட்டுக்குப் பிறகு வேற கம்பெனி டோனரோட சிப்பை பிரிண்டர் ஏத்துக்காம போயிடும். பிரதரில் டோனரும் டிரம்மும் (தூளைத் தாளில் பதிக்கிற உருளை) தனித்தனி. டோனர் மாத்தும்போது டிரம்மையும் சேர்த்துக் குப்பையில் போடாதீங்க, டிஆர்-730 டிரம் 12,000 பக்கம் உழைக்கும். பக்கத்தில் நெடுக்கா கறுப்புக் கோடு விழுந்தா டிரம் மேல இருக்கிற பச்சைத் தாழ்ப்பாளை இடமும் வலமும் சில தடவை நகர்த்தி, அம்புக்குறி இருக்கிற இடத்திலேயே திரும்ப நிறுத்துங்க. அங்கே கொண்டுவந்து நிறுத்தலைன்னா நெடுக்கா கோடு விழும். டோனர் தீர்ந்ததுன்னு சொன்னதும் மாத்தணும்னு இல்லை. மெனுவில் தொடர்ந்து அச்சிடும் முறையைப் போட்டா எழுத்து மங்குறவரை ஓடும். தூள் துணியில் கொட்டினா பச்சைத் தண்ணியில் அலசுங்க. சுடுதண்ணி பட்டா கறை ஒட்டிக்கும்.

பதில் 2:

பேப்பர் அளவையும் பாருங்க. பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் ஏ4-க்கு வடிவமைச்சது, உயரம் 297 மில்லிமீட்டர். அமெரிக்காவில் கடையில கிடைக்கிறது லெட்டர் தாள், 279 தான். அப்படியே அடிச்சா 18 மில்லிமீட்டர் வெட்டுப்படும், அடியில் இருக்கிற கியூஆர் குறியீடோ கையெழுத்து வரியோ போயிடலாம். பக்கத்துக்குப் பொருத்து என்கிற தேர்வைப் போட்டு ஒரு தாள் அடிச்சுப் பாருங்க. தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு ஊருக்கு அனுப்புற பவர் பத்திரத்துக்கு மட்டும் ஆன்லைனில் ஏ4 ஒரு கட்டு வாங்கிடுங்க. அது இந்தியா வந்து சேர்ந்து 3 மாசத்துக்குள்ள முத்திரைத் தீர்வை கட்டியாகணும். ஓரம் வெட்டுப்பட்டதை மறுபடி அடிச்சு அனுப்ப நேரம் இருக்காது.