தீத்து 2:5 பற்றி விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். கல்யாணமாகி நாலு மாசம். நான் வேலைக்குப் போவது மாமியாருக்குப் பிடிக்கவில்லை. பைபிளில் பவுல் தீத்துவுக்கு எழுதின நிருபத்தின் 2:5-ஐக் காட்டி வீட்டில் தரித்திருக்க, அதாவது வீட்டிலேயே இருக்கச் சொல்கிறார். நல்லவர்தான், வசனம் இல்லாமல் எதையும் ஏற்கமாட்டார், அவ்வளவுதான்.

நீதிமொழிகள் 31-ல் குணசாலியான ஸ்திரீ வயல் வாங்குகிறாள், துணி செய்து விற்கிறாள். பிரிஸ்கில்லாளும் அவள் புருஷன் ஆக்கில்லாவும் கூடாரத் தொழில் செய்தவர்கள் (அப்போஸ்தலர் 18:3). இதைச் சொன்னால், "அவ புருஷனோடதானே செஞ்சா?" என்கிறார். என்னிடம் பதில் இல்லை! இரத்தாம்பரத் துணி விற்ற லீதியாளைச் சொல்லியும் பயனில்லை, அவளுடைய கணவனைப் பற்றி வேதத்தில் பேச்சே கிடையாது.

தீத்துவின் பழைய கிரேக்கப் பிரதிகளில் அந்த இடத்தில் 'வீட்டில் வேலை செய்கிறவர்கள்' என்ற பொருள்தரும் சொல் இருக்கிறதாம். இதை எளிய தமிழில் விளக்க யாராவது இருக்கிறீர்களா? சண்டை போட அல்ல, ஞாயிறு ஆராதனை முடிந்து அத்தையோடு உட்கார்ந்து பேச.