50 கிலோவா, 55 கிலோவா? பையனிடம் எப்படிப் பேசுவது?

காசிமேடு கார்னர் கேட்டது:

மாஸ்டர்களுக்கும் கிளப் செயலாளர்களுக்கும் ஒரு கேள்வி. ராயபுரம் பக்கம் சின்ன பாக்ஸிங் கிளப். பையனுக்கு 19 வயசு, உயரம் 172 செ.மீ., காலை எடை 56.2 கிலோ. முன்னே 51-ல ஆடினவன். எடைப் பிரிவு மாறினதுல ஆண்களுக்கு 51, 54, 57 எல்லாம் போய் 50, 55, 60-ன்னு ஆயிடுச்சு. 50-க்கு இறங்கிடறேன்னு நிக்கிறான். ஏன்னா 55-ல நம்ம கிளப்பிலேயே ஒரு சீனியர் இருக்கார். கமிட்டிக்கும் அது வசதி, ரெண்டு பிரிவுலயும் ஆள் இறக்கலாம்.

செலக்‌ஷனுக்கு நாலு வாரம் இருக்கு. வீட்டுல ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலையைத்தான் நம்பியிருக்காங்க. விடியக்காலம் மீன்பிடித் துறைமுகத்துல ஐஸ் பெட்டி ஏத்துற வேலைக்கும் போறான். 50 வேணாம், 55 ஆடுன்னு சொல்லியாகணும். யாரை உட்கார வச்சு, எப்படிச் சொல்றது? முதலாளிகிட்ட லீவு கேக்கறது பத்தியும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

எடைக்கல்:

பேச்சை விடுங்க, முதல்ல கணக்கு கையில இருக்கணும்.

கிளப் ஸ்கேல் சரியா காட்டுதான்னு பாருங்க. மளிகைக் கடையிலோ பழைய இரும்புக் கடையிலோ முத்திரை போட்ட 20 கிலோ எடைக்கல் ரெண்டு இரவல் வாங்கி ஏத்துங்க. ஸ்கேல் சிமெண்ட் தரையில இருக்கணும், மேட் மேல வச்சா எண் தப்பும். அப்புறம் பத்து நாள், காலையில கழிவறை போயிட்டு வந்ததும், தண்ணி குடிக்கறதுக்கு முன்னாடி, ஜட்டியோட நிறுத்து அவன் கையாலயே நோட்டுல எழுதச் சொல்லுங்க. மாஸ்டர் எழுதின எண்ணை எதிர்த்துப் பேசுவான், தான் எழுதினதை எதிர்த்து என்ன பேசுவான்?

56.2-லிருந்து 50 போக 6.2 கிலோ, உடம்புல 11 சதவீதம். பலம் போகாம வாரத்துக்கு அரைக் கிலோ இறக்கலாம், நாலு வாரத்துல 2 கிலோ. மீதி 4.2 கிலோவும் தண்ணியைப் பிழிஞ்சுதான் எடுக்கணும். உடம்புல 2 சதவீதம் தண்ணி குறைஞ்சாலே மூச்சும் வேகமும் இறங்க ஆரம்பிக்கும். அவனுக்கு இது ஏழு சதவீதத்துக்கும் மேல. இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒண்ணேகால்லேர்ந்து ஒன்றரை லிட்டர் திரும்பக் குடிக்கணும், அதாவது சுமார் ஆறேகால் லிட்டர் வரை. காலையில எடை, மத்தியானம் ஃபைட்டுன்னா வயிறு அவ்வளவைத் தாங்காது. அதோட ஆடற ஒவ்வொரு நாளும் காலையில எடை உண்டு. முதல் நாள் ஜெயிச்சா மறுநாள் திரும்பவும் பிழியணும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல வினேஷ் போகட் முதல் நாள் மூணு குஸ்தி ஜெயிச்சு, ரெண்டாம் நாள் காலை 100 கிராம் கூடினதால இறுதிப் போட்டியில ஆடவே முடியாம போனது எல்லாருக்கும் தெரியும். பையனுக்கும் தெரியும், அதையே எடுத்துப் பேசுங்க.

ரப்பர் சூட், பிளாஸ்டிக் கவர், வெயில்ல ஓட்டம் எதுவும் கூடவே கூடாது. 1997 கடைசியில அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்துல அஞ்சு வாரத்துக்குள்ள மூணு பேர் இப்படி எடை இறக்கும்போது செத்துப் போனாங்க. அதுக்கப்புறம்தான் அங்க ரப்பர் சூட்டைத் தடை பண்ணாங்க.

55-க்கு வேண்டியது 1.2 கிலோ மட்டும். வாரம் 300 கிராம், ஒரு நாளைக்குச் சுமார் 330 கலோரி குறைச்சா போதும். ராத்திரி அத்தோவும் (பர்மா நூடுல்ஸ்) பரோட்டாவும் நின்னாலே அது நடந்துடும். மீன், முட்டை, சுண்டல்ல கை வைக்காதீங்க.

மூணாவது ரவுண்டு:

மேல சொன்ன கணக்கு சரி. ஆனா காசிமேடு கார்னர், உங்க கேள்வியிலேயே பையனுக்கு முன்னாடி ரெண்டு பேர்கிட்ட பேச வேண்டியிருக்கு. அதை விட்டுட்டு அவனைக் கூப்பிட்டா ஒரே வாரத்துல எல்லாம் தலைகீழாயிடும்.

முதல்ல கமிட்டி. "50-ல இறக்கினா நமக்கு ரெண்டு பேர்"ங்கறது கிளப்போட ஆசை, பையனோட தேவை இல்ல. அதை வாய் விட்டுச் சொல்லுங்க. எடைக் கணக்கை வச்சு, மாஸ்டர் கையெழுத்து இல்லாம பேர் போகாதுன்னு தீர்மானப் புத்தகத்துல எழுதி வாங்குங்க. ஒரு பிரிவுக்கு ஒரு கிளப் எத்தனை பேரைக் கொடுக்கலாம்னு மாவட்டச் சங்கத்துலயும் கேட்டு வையுங்க. ரெண்டு பேரை விடுவாங்கன்னா பாதித் தலைவலி தீர்ந்துது.

அடுத்து சீனியர். பையன்கிட்ட சொல்ற அதே நாள் காலையில, அவனுக்கு முன்னாடி சொல்லணும். வேற வாயால அவர் காதுக்குப் போனா ஸ்பாரிங்ல (பயிற்சி ஃபைட்ல) அது அடியா வெளிய வரும்.

பையன்கிட்ட பேசறது ஸ்பாரிங் முடிஞ்ச கையோட வேணாம், ரிங்கு பக்கத்துல வேணாம், மத்த பசங்க கண்ணு முன்னாடி வேணவே வேணாம். ஓய்வு நாள் சாயந்திரம், நீங்களும் அவனும் மட்டும். முதல் வாக்கியத்துலேயே சொல்லிடுங்க: "இந்த செலக்‌ஷனுக்கு உன் பேரை 55-ல கொடுக்கறேன். இது முடிவு. எப்படித் தயாராகறதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து பேசலாம்." அரை மணி நேரம் பாராட்டிட்டு "ஆனா"ன்னு ஆரம்பிச்சா பாராட்டையும் நம்ப மாட்டான். முடிவு பண்ணிட்டு "நீ என்னப்பா நினைக்கறே"ன்னு கேக்கறது அதைவிட மோசம். அவன் வேற சொன்னா கேக்கவா போறீங்க? "உன் நல்லதுக்குத்தான்"ங்கற வார்த்தையும் வேணாம், நோட்டைத் திறந்து எண்ணைக் காட்டுங்க.

சொல்லிட்டு வாயை மூடுங்க. கோவப்படுவான், இல்ல பேசாம இருப்பான். அந்த இடத்தை நிரப்பறதுக்காகத்தான் மாஸ்டருங்க "அடுத்த தடவை 50 பாக்கலாம்"னு காப்பாத்த முடியாத வாக்கைக் கொடுத்துடறாங்க.

அவன் நிஜமா கேக்கப் போற கேள்வி, "சீனியர் இருக்கும்போது எனக்கு எங்க இடம்?" அதுக்கு நேரான பதில் வேணும். ஒரு பேர்தான் போகும்னா ரெண்டு பேருக்கும் கிளப்புக்குள்ள ஒரு ஃபைட், மூணு நிமிஷம் மூணு ரவுண்டு, ரெஃப்ரியும் ஜட்ஜும் வெளி கிளப்புலேர்ந்து. தேதி முன்னாடியே தெரியணும். இன்னொண்ணையும் மறைக்கக் கூடாது: தலையில அடிபட்டு ஃபைட்டை நிறுத்தினா குறைஞ்சது 30 நாள் ரிங்ல ஏறக் கூடாது, அப்போ செலக்‌ஷனே போயிடும். இது தெரிஞ்சு ரெண்டு பேரும் ஒத்துக்கணும். ஒருத்தர் ஒத்துக்கலன்னாலும் ஸ்பாரிங் பார்த்து நீங்களே முடிவு சொல்லுங்க, காரணத்தோட.

எழும்பறதுக்கு முன்னாடி, "வீட்டுல அம்மாகிட்ட இதை எப்படிச் சொல்வே?"ன்னு கேளுங்க. அவன் சொல்றதுலதான் என்ன புரிஞ்சுதுன்னு தெரியும்.

காசிமேடு கார்னர்:

நன்றி மாஸ்டர். அம்மாகிட்ட நானும் போகணுமா? "50-ல மெடல் சுலபம், அதுல வேலை வாங்கிடலாம்"னு யாரோ அவங்களுக்குச் சொல்லி வச்சிருக்காங்க.

மூணாவது ரவுண்டு:

போகணும், மறுநாளே. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல பார்க்கறது எந்த நிலைப் போட்டி, அதுல எத்தனையாவது இடம்ங்கறதைத்தான். 50-ல வாங்கின மெடலுக்குத் தனி மதிப்பு கிடையாது. ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை), ரயில்வே அறிவிக்கை பிரிண்ட் ஒண்ணு எடுத்துட்டுப் போய், எந்தப் போட்டி கணக்குல வரும்ங்கற பத்தியை அவங்க முன்னாடியே படிச்சுக் காட்டுங்க. மாவட்ட செலக்‌ஷன் முதல் படி மட்டும்தான்னு அப்பவே சொல்லிடுங்க. வேலை வாங்கித் தர்றேன்னு ஒரு வார்த்தை உங்க வாயிலேர்ந்து வரக் கூடாது.

ஏலக்கூடம்:

முதலாளிகிட்ட பையன்தான் பேசணும், மாஸ்டர் போய் நின்னா சிபாரிசு மாதிரி ஆயிடும். ஏலம் நடக்கறப்போ வாயத் தொறக்கக் கூடாது. பத்து மணிக்கு மேல, கணக்கு முடிச்சு டீ குடிக்கறப்போ போகணும்.

"லீவு வேணும்ணா"ன்னு மொட்டையா கேட்டா "பாக்கலாம்"னுதான் வரும், அது இல்லன்னு சொல்ற மாதிரி. தேதி சொல்லணும், எத்தினி நாள்னு சொல்லணும், அந்த நாளுக்கு பதிலாள் யாருன்னு கையோட சொல்லணும். ஞாயித்துக்கெழம லீவு கேக்காத, அன்னிக்குதான் கூட்டம் அள்ளும். அந்த நாள் கூலி வேணாம்ணு அவனே முதல்ல சொல்லிடறது நல்லது. அட்வான்ஸ் வாங்கியிருந்தா எப்போ கழியும்னும் பேசிக்கணும், அதுதான் பின்னால சண்டையாவும்.

கடைசி வாரம் பெட்டி ஏத்தற வேலைக்கு பதிலா எடை எழுதற வேலை கேக்கலாம், முதுகும் தோளும் மிச்சம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு போகாது. டிரெய்னிங்குக்கு நேரம் கெடைக்கும், கூலி கொறையும். வீட்டுல அதையும் இப்பவே பேசி வெச்சுக்கணும்.

எடைக்கல்:

ஒண்ணு விட்டுப் போச்சு. தலையாட்டிட்டுப் போன பையன் ரகசியமா 50-க்கு இறக்கறது சகஜம். பேச்சுக்கு அப்புறமும் நோட்டு ஓடணும். ஒரே ராத்திரியில ஒரு கிலோவுக்கு மேல குறைஞ்சிருந்தா, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்துல போனா, எழுந்து நிக்கறப்போ தலை சுத்துதுன்னா அன்னிக்கு ஸ்பாரிங் கிடையாது. ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், மொத்தமும் கலக்கி உங்க எதிர்லயே கொஞ்சம் கொஞ்சமா குடிக்கட்டும். வாந்தி, குழப்பமான பேச்சு இருந்தா ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க.